பிஸ்கட் டின்னில் இருபத்தேழு பேர்

மே 3, சனி

ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வெயிலும் அதே பக்கம்தான் கிடைத்தது. வீட்டைத் திறந்ததும் சுவரிலிருந்த பல்லி 'நீ யார்?' என்று பார்த்தது. நியாயமான கேள்வி. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவளை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்?

அம்மா இறந்து வருகிற பத்தாம் தேதியோடு ஒரு வருஷம். அன்று சாயங்காலம் வீட்டில் நினைவு ஸ்தோத்திர ஜெபம். அதற்குள் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று தோஹாவிலிருந்து தம்பி இம்மானுவேல் உத்தரவு. உத்தரவு போடுவது அவன் வேலை, ஒட்டடை அடிப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே இதுதான் ஏற்பாடு.

இந்தப் பேனா மறுபடியும் மக்கர் செய்கிறது. மூடி தொலைந்து ஆறு வருஷமாகிறது. நிப்பில் பால் கவர்த் துண்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். "மிஸ், புதுசு வாங்கிடுங்க மிஸ்" என்று பிளஸ் டூ பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். முதல் சம்பளத்தில் வாங்கிய பேனா. இயற்பியல் ஆசிரியை ஹெப்சிபா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

மே 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பதினெட்டு வருஷமாகப் போகவில்லை என்பதால் இதில் புதுச் செய்தி ஒன்றும் கிடையாது. அப்பாவின் நோய்க்காக ஊரே ஜெபித்தது. அப்பா பிழைக்கவில்லை. அன்றோடு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவர் என்றால் கடவுள்.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் வீட்டுக்கே வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் இளைஞர். வீட்டில் பிஸ்கட் இல்லாததால் பட்டாணிக் கடலை கொடுத்தேன்.

"பத்தாம் தேதி நீங்கதான் பேசணும் டீச்சர். அம்மாவோட வாழ்க்கையப் பத்தி, விசுவாசத்தப் பத்தி நாலு வார்த்தை. அப்படியே உங்க சாட்சியும்."

என் சாட்சி! நான் கடைசியாகச் சாட்சி சொன்னது ஒரு பையன் பரீட்சையில் பிட் அடித்த விசாரணையில்.

மறுத்திருக்கலாம். ஆனால் அவர் போகும்போது, "ஞானக்கனி அம்மா ஜெபத்துலதான் இந்த ஊரே நின்னுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். அப்படிப்பட்டவளின் மகள் வாயைத் திறக்கமாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? திறந்தால் மட்டும்? நான் விசுவாசி என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் அம்மா வீட்டு நடுக்கூடத்தில், அம்மாவின் நாளிலேயே, அம்மாவுக்கு அவமானம். ஆறு நாளில் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

மே 5, திங்கள்

பரணைச் சுத்தம் செய்தேன். எட்டு உடைந்த குடைகள், காது போன ஒரு வாணலி, இம்மானுவேல் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை (மூன்றாம் பரிசு, ஓடியதே மூன்று பேர்).

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் சித்தி ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு முந்திரிக்கொத்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். போட்டு வைக்க டின் வேண்டும் என்றாள். அம்மாவின் கட்டிலுக்கடியில், பாய்ச் சுருட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பார்த்தால் அத்தனையும் ஓட்டை உடைசல். பொத்தான், கயிற்றுத் துண்டு, வளையல் துண்டு, துருப்பிடித்த சாமான்கள். வயதானால் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் புத்தி வந்துவிடும் போலிருக்கிறது. கொல்லைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன்.

இன்று செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான்.

மே 6, செவ்வாய்

உருப்படியானது என்று எழுதிய கையை உடைக்க வேண்டும்.

காலை ஒன்பதுக்குத் தங்கபுஷ்பம் சித்தி வந்தாள்.

"ஏட்டி ஹெப்சி, அம்மாட்ட ஒரு சாவி குடுத்து வச்சிருந்தேன். எடுத்துத் தா."

"என்ன சாவி சித்தி?"

"அடுக்களை அலமாரிச் சாவி. அந்த பிஸ்கட் டின்னுல கெடக்கும் பாரு."

சாவி எதற்கு டின்னில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்குச் சுகர் முன்னூறத் தாண்டிட்டுல்லா? டாக்டர் வைதாரு. எனக்கா வாயக் கட்ட முடியல. அம்மாட்ட வந்து அழுதேன். 'மிட்டாய் அலமாரிச் சாவிய எங்கிட்ட குடுத்துரு தங்கம். பெலத்த ஆண்டவர்ட்ட நான் கேட்டு வாங்கித் தாரேன்'ன்னாவ. மூணு வருசம் ஒரு அல்வாத் துண்டத் தொடல, தெரியுமா?"

"இப்ப எதுக்குச் சாவி?"

"உள்ள கருப்பட்டி மிட்டாய் கெடக்குட்டி. எறும்பு தின்னுரும்."

"மூணு வருஷமா தின்னாத எறும்பா?"

சித்தி பேச்சை மாற்றினாள். மீதிக் கதையைச் சொன்னாள். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு ஜெப நோட்டை வாசிக்க முடியவில்லையாம். அதனால் ஜெபம் கேட்டு வருகிறவர்களிடம் ஆளுக்கொரு சாமான் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். தினமும் காலை நாலரைக்கு எழுந்து, டின்னைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இது இன்னார், இவருக்கு இன்னது என்று ஜெபம்.

"வாசிக்க முடியலயா? எங்கிட்ட கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னுதான சொன்னாங்க?"

"ஒங்கிட்ட சொன்னா நீ மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவல்லா? இத்தன பேரயும் உட்டுட்டு எப்படி வருவாவ?"

நான் வரும்போதெல்லாம் அம்மா மடியில் வேதாகமத்தை விரித்து வைத்துச் சங்கீதம் படிப்பாள். ஒருமுறை புத்தகம் தலைகீழாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சிரித்தேன். அத்தனையும் மனப்பாடம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரே ஒரு நாள் நான் நாலரைக்கு எழுந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். லீவில் வந்தால் எட்டு மணிக்கு முன் எழுந்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாவி தேடி வைக்கிறேன் என்று சித்தியை அனுப்பிவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். மண்வெட்டி, சல்லடை, மூக்கைக் கட்டப் பழைய துப்பட்டா. நல்லவேளை, எரிக்கவில்லை. மதியம் வரை கிண்டி இருபத்தேழு சாமான்கள் எடுத்தேன். அம்மாவின் விசுவாசத்தை வாழைத்தோலுக்கும் மீன்செதிலுக்கும் நடுவிலிருந்து பொறுக்கியெடுத்த ஒரே மகள் நான்தான். சாட்சியில் இதைச் சொல்லலாமா?

மே 7, புதன்

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மூங்கில் சுளகில் பரப்பிக் காயவைத்தேன். சாவி கிடைத்தது. இன்னும் கொடுக்கவில்லை. சித்தியின் நன்மைக்காகத்தான்.

இம்மானுவேல் பேசினான்.

"அந்த டின்னா? ஒனக்குத் தெரியாதா? அதுல ஒரு குட்டி ரப்பர் சக்கரம் கெடக்கும் பாரு. எம்மவன் ஜோயலோட விளையாட்டுக் கார்ல உள்ளது. அம்மா கேட்டாங்க, குடுத்தேன்."

"எங்கிட்ட கேக்கல."

"கேட்டா நீ குடுத்திருப்பியாக்கும்?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சாமான்களில் ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. ஒரு கறுப்புப் பேனா மூடி. கிளிப்புக்குக் கீழே பல்லால் கடித்த தடம். இந்த ஊரில் பேனாவைக் கடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதைச் சுளகிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

மாட்டுக்குக் கழனித்தண்ணீர் எடுக்க மத்தியானம் இசக்கியம்மாள் வந்தாள். காலையில் பால் ஊற்றுகிறவள். நான் தூங்குவேன் என்பதால் வாசலில் செம்பை வைத்துவிடுகிறேன். அதனால் இதுவரை முகம் பார்த்துப் பேசியதில்லை. சுளகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்க மணி நாக்கு!"

மாட்டுக் கழுத்து மணிக்குள் தொங்கும் சின்ன இரும்புக் குண்டு. நான் அதை ஏதோ தூண்டில் ஈயம் என்று நினைத்திருந்தேன்.

"எம்மவன் சுடலைக்கண்ணு சண்ட போட்டுட்டுத் திருப்பூருக்குப் போனான் டீச்சரம்மா. போனவன் ஒரு வார்த்த பேசல. அம்மா என்னமாவது குடுன்னாவ. 'அவன் பேசாம இருக்கான், எம்மாடும் பேசாம இருக்கட்டும்'னு மணி நாக்கக் கழத்திக் குடுத்துட்டேன். அவன் போன் பண்ணுன அன்னைக்குத் திருப்பித் தாரேன்னு சொன்னாவ."

"எத்தனை வருஷம்?"

"நாலு. எம்மாடு எங்க நிக்குன்னு தெரியாம தெனமும் தேடி அலையுதேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கழனித்தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றிக் கேட்டேன். "அம்மா வேதக்காரங்க. நீங்க இசக்கியம்மன் கோயிலுக்குப் போறவங்க. ஒண்ணும் நினைக்கலையா?"

"எங்க அம்மன்ட்ட நான் சொல்லுதேன், அவிய ஆண்டவர்ட்ட அவிய சொல்லுதாவ. ரெண்டு பக்கமும் எழுதிப் போட்டாத்தான மனு நடக்கும்?"

தாலுகா ஆபீஸுக்கு நடந்து பழகிய பேச்சு.

சாயங்காலம் கோயில்குட்டியார் பாக்கியநாதன் தாத்தா வந்தார். எழுபது வயதிலும் கோயில் மணியை அவர்தான் அடிக்கிறார். கயிற்றுத் துண்டு அவருடையது. தோள்வலிக்காகக் கொடுத்ததாம். "வலி போச்சா?" என்று கேட்டேன். "வலி கெடக்கு. அம்மா கேட்டுக்கிட்டு இருக்காவன்னு நெனச்சா தாங்கிக்கிடலாம். இந்த ஒரு வருசமாத்தான் தாங்க முடியல" என்றார்.

மே 9, வெள்ளி

சாட்சி எழுத உட்கார்ந்தேன்.

முதல் முயற்சி: "என் தாயார் ஞானக்கனி அம்மாள் அவர்கள் விசுவாச வீராங்கனையாக..." கல்லறை வாசகம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எனினும்..." இந்த 'எனினும்' பாவம், எவ்வளவு பாரத்தைத்தான் தாங்கும்? அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சியில் பேனா காய்ந்துவிட்டது.

சரி, எழுதிவிடுகிறேன். அந்த மூடி என்னுடையது.

ஆறு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் லீவு. மூடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். "இந்த வீட்டுல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காதா?" என்று அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். அம்மாவும் கூடவே கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாள். தலையணையைத் தட்டிப் பார்த்தாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். "தேடுனா கெடைக்கும்மா" என்று வேத வசனம் வேறு சொன்னாள். திருடிய ஆளே கூட நின்று தேடியிருக்கிறாள்!

கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக என்ன கேட்டிருப்பாள்? நான் கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்றுதான். வேறென்ன? அப்படியென்றால் ஐந்து வருஷம், நாள் தவறாமல், நடக்காத ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

மே 11, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன். நேற்றே எழுதும் நிலைமையில் இல்லை.

கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். இம்மானுவேல் வீடியோவில் வந்து, யாரோ போனைச் சுவரில் சாய்த்து வைத்ததால் முழுக் கூட்டத்தையும் பக்கவாட்டில் பார்த்தான். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு முடிந்தது. குருவானவர் என்னைப் பார்த்தார். சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அம்மாவோட டின் உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. அதனால திங்கக்கிழமை இதையெல்லாம் குப்பைக்குழியில கொட்டிட்டேன்" என்றேன்.

"ஆமென்" என்றார் குருவானவர், பழக்க தோஷத்தில்.

"செவ்வாய்க்கிழமை பொறுக்கி எடுத்துக் கழுவிட்டேன். கழுவும்போதுதான் எங்கம்மா யாருன்னு தெரிஞ்சுது. கண்ணு தெரியாமலே இத்தனை பேரையும் விரல்ல வச்சிருந்திருக்காங்க. எனக்கு ஜெபிக்க வராது. அம்மா இடத்துல இருந்து நான் ஜெபிக்கிறேன்னு சொன்னா அது பொய். அம்மா பேர்ல பொய் சொல்ல மாட்டேன். அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துக்கோங்க. என்னை மன்னிச்சுருங்க."

சுளகைப் பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் அசையவில்லை. அம்மாவை அவமானப்படுத்தித்தான் விட்டேன் என்று நினைத்தேன்.

கோயில்குட்டியார் தாத்தாதான் முதலில் எழுந்து வந்தார். குனிந்து துழாவி ஒன்றை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என் கயிறு இல்லியே. இது விசிலுல்லா?"

"அது கண்டக்டர் ஜெபசிங்குது தாத்தா. டூட்டிக்குப் போயிருக்கான்" என்றது ஒரு குரல்.

தாத்தா விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, கெடக்கட்டும். அந்தப் பயலுக்கு நான் சொல்லிக்கிடுதேன். எனக்கு எவனாவது சொல்லுங்கப்பா" என்று போய் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். எதிர்வீட்டு ரெஜினா அக்கா விறுவிறுவென்று வந்து, தன் வளையல் துண்டைத் தொடாமல் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டாள். பெண்கள் சங்கத் தேர்தலிலிருந்து அவளுக்கும் தங்கபுஷ்பம் சித்திக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

"ஏட்டி, அது என் சாவி!"

"தெரியும். ஜெபத்துக்குத்தான் எடுத்தேன். சுகர் எறங்குனதும் தாரேன்."

சித்தி வாயைப் பிளந்தாள். பிறகு வேகமாக வந்து ரெஜினாவின் வளையல் துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இருக்கட்டும். எனக்கும் ஜெபம் பண்ணத் தெரியும்" என்றாள். அந்தத் தொனியில் ஜெபித்தால் ரெஜினா அக்காவுக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் அவர்கள் மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் தன் சாமானை எடுக்கவில்லை. "இது யாரு? இவருக்கு என்ன வேணும்?" என்று விசாரித்து விசாரித்து எடுத்தார்கள். ஜோயலின் கார்ச் சக்கரத்தைக் குருவானவரே எடுத்துக்கொண்டார். போனிலிருந்து இம்மானுவேல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியாகச் சுளகில் மணி நாக்கு மட்டும் கிடந்தது. ஒருவரும் வரவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். ஒற்றை இரும்புக் குண்டை அனாதையாக விட முடியாதல்லவா?

எல்லோரும் முந்திரிக்கொத்துத் தின்னும்போது இசக்கியம்மாள் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"பேனா மூடி எங்க டீச்சரம்மா?"

"எந்த மூடி?"

"கள்ளி. எனக்குத் தெரியாதா? வெள்ளன பால் கொண்டு வாரப்ப அம்மா ஜெபத்துல இருப்பாவ. கடைசில அதத்தான் எடுப்பாவ. எடுத்து ரெண்டு கையாலயும் பொத்திக்கிடுவாவ."

ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த சின்னப் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் கோயிலுக்கு வரணும்னு கேட்டாங்களா?"

"கோயிலா? அந்தப் பேச்சே கெடையாது. 'அவளுக்கும் ஒமக்கும் உள்ளத நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க, நான் நடுவுல வரமாட்டேன்'ன்னு ஆண்டவர்ட்டயே சொல்லிட்டாவளாம். கேட்டது வேற."

"என்ன?"

"லீவுல வந்தா எட்டு மணி வரைக்கும் தூங்குதா. ஒரு நாளாவது வெள்ளன எந்திச்சு, எங்கூட உக்காந்து ஒரு கருப்பட்டிக் காப்பி குடிக்கணும் ஆண்டவரேன்னு. அவ்வளவுதான். தெனமும் அதேதான்."

கொல்லையில் குப்பைக்குழியைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். இசக்கியம்மாள் கழனித்தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 13, செவ்வாய்

மதுரை. எட்டு மணிக்கு எழுந்தேன்.

மே 14, புதன்

ஏழே முக்கால்.

மே 22, வியாழன்

தங்கபுஷ்பம் சித்தி போன். ரெஜினா தினமும் வந்து 'இன்னைக்கு என்ன தின்ன?' என்று விசாரிக்கிறாளாம். "அம்மா காலத்துல ஜெபத்தோட போச்சு. இவ சோதனையே போடுதா. என்னால தாங்க முடியல" என்றாள். குரலில் சந்தோஷம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். நாலரைக்கு விழித்தேன். அலாரம் வைத்திருந்தேன், விழித்தேன். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தேன். மணி நாக்கை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, "திருப்பூரில் இருக்கும் சுடலைக்கண்ணு அவன் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும்" என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் பதில் இல்லை. மனு போட்டாகிவிட்டது, எந்த ஆபீஸ் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேனா வழக்கம்போல் காய்ந்திருந்தது. உதறித்தான் எழுதுகிறேன். மூடி இருக்கும் இடம் தெரியும். அங்கேயே இருக்கட்டும்.

அம்மா கேட்டது கிடைக்க ஒரு வருஷமும் இருபத்து மூன்று நாளும் தாமதமாகிவிட்டது. இதில் அவர்மேல் குற்றமில்லை. குற்றம் முழுக்க என் தூக்கத்தின் மேல்.

காப்பியை ஊற்றிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு டம்ளரில் ஊற்றியிருக்கிறேன்.

"எந்திச்சுட்டேம்மா" என்றேன்.

ஆறுவதற்குள் இரண்டையும் நானே குடித்தேன்.